எங்க போறியள் எண்டு கேக்கிற வேலை

எங்கட தொழிலில நீங்கள் சொன்னது சரியெண்டால் ஒண்டும் நடக்காது. ஒண்டும் நடக்காட்டி, நீங்கள் சொன்னது பிழையெண்டு சொல்லுவினம்.

மருந்துக்கடையில நிண்டு "இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கோ" எண்டு சொல்லுறவை, நீச்சல் குளத்தடியில விசில் ஊதுறவை, கோயில் வாசலில "செருப்பை இதில விடாதேங்கோ" எண்டு தொண்டை கிழியக் கத்துறவை, உங்கள் எல்லாருக்கும் நான் சொல்லப்போறது விளங்கும். எங்கள் எல்லாருக்கும் ஒரே தலையெழுத்துத் தான்.

நான் சுவிஸில வின்டர்தூர் எண்ட நகரத்தில பிறந்து வளர்ந்தனான். சூரிச்சில புவியியல் படிச்சன். 2009ஆம் ஆண்டுக் குளிருக்கு கிளாருஸ் மலைப்பக்கம் ஒரு கிராமத்துக்கு வேலைக்கு வந்தன், இன்னும் அங்க தான் நிக்கிறன். ஸ்கி வாடகைக் கடையும் மலை வழிகாட்டியளின்ர அலுவலகமும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற இடம் அது. எங்களிட்ட வாறவை லிஃப்டில ஏறி, போட்ட பாதையில இறங்கிற ஆக்கள் இல்லை. ஸ்கிக்கு அடியில ஒரு துணிப்பட்டையை ஒட்டிக்கொண்டு தாங்களே மலை ஏறி, ஒருத்தரும் போகாத சாய்வில இறங்கிற ஆக்கள். கார்த்திகை, மார்கழியில முதல் பனி விழுந்த உடன இவையைப் பிடிக்க ஏலாது. நான் விடியவெள்ளன ஏறிப்போய், பனியில கிடங்கு வெட்டி, எந்தப் படை இறுகியிருக்கு, எந்தப் படை கழண்டு நிக்குது எண்டு பாத்து வந்து, கடை திறக்கேக்க கவுண்டரில நிண்டு சொல்லோணும். சொல்லுறது நான், போறது அவை. வாடிக்கைக்காரர் சுவிஸ் டொச்சில, அதாவது இங்கத்தை ஜெர்மனில, சொன்னதை எல்லாம் நான் இங்க எங்கட தமிழில தான் எழுதிறன், அதால மரியாதை ஒண்டும் கூடக் குறைய இல்லை.

ஐஞ்சில மூண்டு

பனிச்சரிவு ஆபத்துக்கு ஒண்டில இருந்து ஐஞ்சு வரைக்கும் ஒரு அளவு இருக்கு. அண்டண்டைக்கு என்ன எண்டதைக் கடைக் கதவில எழுதி ஒட்டுறதும் நான் தான். ஐஞ்சு எண்டால் ஊரே வீட்டுக்குள்ள கிடக்கும். நாலு எண்டால் மலைக்காரர் கோப்பி குடிச்சுக்கொண்டு காலநிலையைத் திட்டுவினம். வில்லங்கம் மூண்டில தான். ஆக்கள் கூடச் சாகிறது மூண்டில தான், ஏனெண்டால் மூண்டைப் பாத்து ஒருத்தருக்கும் பயம் வாறேல்லை.

ஒரு கார்த்திகை மாதம் பாடன் எண்ட ஊரில இருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். பெரிய இயந்திரங்கள் வெடிக்காமல் பாக்கிறது தான் தன்ர வேலை எண்டு தானாகவே சொன்னார். நான் கதவில மூண்டு எண்டு எழுதி, வெயில் படாத வடக்குப் பக்கச் சாய்வுகளுக்குப் போகாதேங்கோ எண்டு கீழ சிவப்பிலயும் எழுதியிருந்தன். அவர் அதை வடிவா வாசிச்சார். வாசிச்சுப்போட்டு வடக்குப் பக்கச் சாய்வுக்கு எது சுருக்கப் பாதை எண்டு என்னட்டயே கேட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு.

"உங்கட இயந்திரத்தில முள்ளு மூண்டில நிண்டால் பக்கத்தில போய் நிப்பீங்களோ?" எண்டு கேட்டன். மனுசன் ஒரு சின்னச் சிரிப்புச் சிரிச்சார், பிள்ளையளுக்குச் சிரிக்கிற மாதிரி. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்: "ஐஞ்சில மூண்டு எண்டால் நடு தானே, நடுவில நிக்கிறது தானே எங்கட நாட்டுப் பழக்கம்."

கொஞ்சப் பனி

ஆக்கள் என்ன நினைக்கினம் எண்டால், பனி கனக்க இருந்தால் தான் ஆபத்து, கொஞ்சமெண்டால் பயமில்லை. முதல் பனிக்காலத்தில இந்தக் கதை தான் ஆக்களை விழுத்திறது. ஐப்பசியில விழுகிற கொஞ்சப் பனி வெயில் படாத பக்கத்தில அப்பிடியே கிடக்கும். வானம் வெளிச்ச இரவுகளில குளிர் அதைத் தின்னும். பேந்து அதைக் கையில எடுத்தால் சீனி மாதிரி உதிரும், உருண்டை பிடிக்க ஏலாது. அதுக்கு மேல காத்தோட புதுப் பனி வந்து ஒரு தட்டாப் படியும். சீனிக்கு மேல பலகை வைச்ச கதை தான். ஆள் ஏறி நிண்டால் பலகை முழுக்கக் கழண்டு வரும்.

இதை ஒரு பல்கலைக்கழகத்து அம்மாவுக்கு அரை மணித்தியாலமா விளங்கப்படுத்தினன். கடைக்குப் பின்னால கூட்டிக்கொண்டு போய், நான் மேல இருந்து கொண்டு வந்த சீனிப் பனியை அவவின்ர கையிலயே போட்டும் காட்டினன். அவ கையுறையைக் கழட்டி, விரலால உருட்டிப் பாத்து, வெளிச்சத்தில பிடிச்சு, போனில நாலைஞ்சு படமும் எடுத்தா. எனக்குச் சந்தோசம், ஒரு ஆளுக்காவது விளங்கீட்டுது எண்டு. திரும்பி வந்து ஸ்கியைத் தோளில வைச்சுக்கொண்டு, போறதுக்கு முதல் என்ர கையைப் பிடிச்சுச் சொன்னா: "இவ்வளவு வடிவான சாமான் ஆளைக் கொல்லும் எண்டு நீங்கள் சொல்லக்கூடாது, மனசுக்குக் கஷ்டமாக் கிடக்கு."

என்ர தடம்

கிடங்கு வெட்டப் போறதெண்டால், ஆபத்தான சாய்வுக்கு உள்ள போறேல்லை. விளிம்பு மட்டும் போய், அதே மாதிரி இருக்கிற ஒரு சின்ன இடத்தில வெட்டிப் பாத்துப்போட்டுத் திரும்பிறது. ஒரு நாள் அப்பிடிப் போய் வெட்டினன். பனித் தூணுக்கு மேல மண்வெட்டியை வைச்சுக் கையால தட்டிப் பாக்கிறது ஒரு முறை. முதல் மெல்லமா, பேந்து பலமா. மெல்லமாத் தட்டின உடனயே மேல்தட்டு மேசை லாச்சி திறந்த மாதிரி முன்னுக்கு வந்திட்டுது. வந்த வழியாலயே திரும்பி வந்து, கதவில எழுதி, வந்தவை எல்லாருக்கும் வாயாலயும் சொன்னன்.

பின்னேரம் ரெண்டு பேர் கடைக்கு வந்திச்சினம். முகத்தில சாம்பல் பூசின மாதிரி இருந்தவை. அந்தச் சாய்வில தான் போயிருக்கினம். நடுவுக்குப் போகேக்க காலுக்குக் கீழ "வும்" எண்டு ஒரு சத்தம், பனியில வெடிப்பு ஓடியிருக்கு. ஏதோ இவையின்ர நல்ல காலம், பனி சரிஞ்சு விழேல்லை. ஏன் போனீங்கள் எண்டு கேட்டன். தடம் இருந்தது எண்டிச்சினம். ஆரின்ர தடம்? என்ர தடம். விளிம்பு மட்டும் போய், கிடங்கோட நிண்டு, திரும்பி வந்த என்ர தடத்தைப் பிடிச்சுக்கொண்டு போய், கிடங்கைச் சுத்திக்கொண்டு மேல போயிருக்கினம். "பனி பாக்கிற ஆளே போயிருக்கிறா எண்டு நம்பித் தான் போனம்" எண்டு என்னில பழியைப் போட்டிட்டுப் போயிட்டினம்.

எங்கட கடையில ஊவேலி எண்டு ஒரு மலை வழிகாட்டி. கனக்கக் கதைக்காத மனுசன். நான் கத்தினது முழுக்க ஒரு மூலையில இருந்து ஸ்கிக்கு மெழுகு பூசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தி முடிய, தலையை நிமித்தாமல் சொன்னார்: "இனிமேல் பறந்து போய்ப் பாத்திட்டு வா, நிரோ."

நீங்கள் பொலிசோ

பனியைப் பாக்கிறதை விடக் கஷ்டமான வேலை ஒண்டு இருக்கு. வெளிக்கிடுற ஒவ்வொருத்தரிட்டயும் மூண்டு கேள்வி கேக்கோணும்: எங்க போறியள், எந்தச் சாய்வால இறங்குவியள், எத்தினை மணிக்குத் திரும்புவியள். இதில என்ன ரகசியம் இருக்கு? வராட்டித் தேடிறதுக்குத் தானே கேக்கிறம். மலை ஒண்டு ரெண்டில்லை, பள்ளத்தாக்கு ஒண்டு ரெண்டில்லை. ஆள் எந்தப் பக்கம் எண்டு தெரியாட்டி ஹெலிகொப்டர் வந்தும் என்ன பிரயோசனம்? ஆனா கேட்டால், ஏதோ பாங்கில எவ்வளவு காசு வைச்சிருக்கிறீங்கள் எண்டு கேட்ட மாதிரிப் பாப்பினம்.

இதில ஹைன்ஸ் எண்டு ஒரு ஆள். சூரிச்சில பல்லு டொக்டர். சிவப்புத் தொப்பி. ஒவ்வொரு வருசமும் முதல் பனிக்கு முதல் ஆளா வந்து நிப்பார், எப்பவும் தனியத் தான் போவார். நான் ஒவ்வொரு வருசமும் கேக்கிறது, அவர் ஒவ்வொரு வருசமும் கையை மேல காட்டி "அங்க" எண்டுறது. மேல முழுக்க மலை. ஒரு முறை எனக்குப் பொறுக்கேல்லை. "உங்களிட்ட வாறவை இரவில பல்லு மினுக்கிறதோ எண்டு கேட்டால் 'சில நேரம்' எண்டு சொன்னால் உங்களுக்கு எப்பிடி இருக்கும்?" எண்டு கேட்டன். அது சுட்டிருக்கு எண்டு முகத்தில தெரிஞ்சுது. ஆனாலும் சப்பாத்தை இறுக்கிப் பூட்டிக்கொண்டு எழும்பி, கதவடியில நிண்டு சொன்னார்: "நான் எங்க போறன் எண்டு என்ர மனிசிக்கே சொல்லுறேல்லை, உமக்கு ஏன் சொல்லோணும்?"

பனி அள்ளிற பிள்ளை

வெள்ளைக்காரர் தான் இப்பிடியெண்டு நினைச்சிடாதேங்கோ. எங்கட ஆக்கள் அதுக்கு மேல. வின்டர்தூரில ஒரு பிள்ளையின்ர சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் போனன். சாப்பாட்டு மேசையில அம்மாவின்ர சிநேகிதி ஒரு ஆள், மகள் என்ன வேலை எண்டு கேட்டா. அம்மா ஒரு வயோதிபர் இல்லத்துச் சலவைப் பகுதியில வேலை. கெட்டிக்காரி, ஆனா என்ர வேலையை அவவுக்கு இண்டு வரை சொல்லத் தெரியாது. "மலையில பனி பாக்கிறா" எண்டா. மற்ற அம்மா விளங்கின மாதிரித் தலையாட்டி, "ஓம், எங்கட தெருவிலயும் காலமை வந்து அள்ளுறவை, பாவங்கள்" எண்டா. நான் சோத்தைப் பாத்துக்கொண்டு இருந்தன்.

அதை விடுவம். என்ர வயித்தெரிச்சல் வேற. நான் கவுண்டரில நாள் முழுக்க எங்க போறியள் எண்டு கேட்டுக் களைச்சுப் போய் லீவுக்கு அம்மா வீட்டை வந்தால், அங்க அந்தக் கேள்விக்கே தடை. ஆள் வெளிக்கிடேக்க எங்க எண்டு கேட்டால் போற காரியம் சரிவராதாம். என்ர தம்பி கஜன், இருவத்தைஞ்சு வயசு, எலக்ட்ரிக் வேலை, என்னைப் பாத்து மலை ஸ்கியில விசர் பிடிச்சவன். அவன் ஸ்கியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறக்கிறான். அம்மா குசினிக்குள்ள இருந்து "தூரமோ?" எண்டு கேக்கிறா. அவன் "ஓம், கொஞ்சம் தூரம்" எண்டுறான். முடிஞ்சுது. சுவிஸில எந்த மலை வின்டர்தூருக்குக் கொஞ்சம் தூரமில்லை? அண்டைக்கு அம்மாவோட சண்டை பிடிச்சன். எங்க எண்டு ஒரு சொல்லுக் கேட்டால் என்ன எண்டன். அம்மா அடுப்பைக் குறைச்சுப்போட்டு, நான் ஏதோ தூஷணம் சொன்ன மாதிரிப் பாத்துச் சொன்னா: "வெளிக்கிடுற ஆளிட்ட எங்க எண்டு கேக்கப்படாது, தூரமோ எண்டு தான் கேக்கோணும்."

கொஞ்சம் தூரம்

ஒரு மார்கழி தொடக்கம். நான் மேல சொன்ன சீனிக்கு மேல பலகை, அந்த முறை சரியான மோசம். ரெண்டு நாளாக் காத்தும் புதுப் பனியும். அண்டைக்கு வானம் வெளிச்சுப் போச்சு, நீலம் எண்டால் அப்பிடி ஒரு நீலம். இது தான் ஆக்களைக் கொல்லுற வெயில். காலமை வெட்டிப் பாத்து, கதவில எழுதி, கவுண்டரில நிண்டு வந்தவை எல்லாரோடயும் மல்லுக்கட்டி முடிய மத்தியானம் தாண்டீட்டுது. அப்ப அம்மா போன் எடுத்தா.

"தம்பி உங்க வந்தவனோ?"

"இல்லை. ஏன்?"

"காலமை ஸ்கியும் கொண்டு வெளிக்கிட்டவன். உன்னட்ட எண்டு தான் நினைச்சன். எத்தினை தரம் அடிச்சும் போன் போகுதில்லை."

"ஆரோட? எங்க எண்டு சொன்னவன்?"

"அவன்ர சிநேகிதன் லாங்கன்தால் சுதனோட. எங்க எண்டு ஆர் கேட்டது? தூரமோ எண்டு கேட்டன். கொஞ்சம் தூரம் எண்டவன்."

எனக்குக் கோவம் தான் முன்னுக்கு வந்திச்சு. அக்காவிட்ட வந்தால் போகவேண்டாம் எண்டு சொல்லுவா எண்டு தெரிஞ்சு தான் அக்காவின்ர கடைக்கு வரேல்லை. ஆனா அவனுக்குத் தெரிஞ்ச மலை எங்கட பக்கம் மட்டும் தான், என்னோட தானே பழகினவன். அப்ப இந்தச் சுத்துவட்டாரத்தில தான் எங்கயோ நிக்கோணும். ஊவேலி கார்ச் சாவியை எடுத்தார். நீ இந்தப் பள்ளத்தாக்கைப் பார், நான் அடுத்ததைப் பாக்கிறன், கார் எப்பிடி எண்டார். நீலக் கார், முன்கண்ணாடிக்குள்ள ஒரு பிள்ளையார் இருப்பார் எண்டன். ஊவேலிக்குப் பிள்ளையாரைத் தெரியாது. யானைத் தலை எண்டன்.

நான் என்ர பக்கத்துக் கார்த் தரிப்பிடம் ஒவ்வொண்டா ஓடிப் பாத்தன். ஒவ்வொரு காருக்குள்ளயும் எட்டிப் பாத்தன், ஆக்கள் என்னைக் கள்ளி எண்டு நினைச்சிருப்பினம். ஊவேலி போன் எடுத்தார். "யானை இங்க நிக்குது" எண்டார். பக்கத்துப் பள்ளத்தாக்கின்ர கடைசித் தொங்கல், அங்க போன் அலை ஒழுங்கா வராது. தடம் ரெண்டு, காட்டுக்குள்ளால ஏறி வடக்குப் பக்கச் சாய்வுக்குப் போகுது. நான் மீட்புக்காரருக்கு அறிவிச்சுப்போட்டு ஓடினன். நானும் ஊவேலியும் ஸ்கியைப் பூட்டி ஏறத் தொடங்கினம். ஏறுற நேரம் முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே ஏறினன். திட்டாட்டி அழுதிருப்பன், அழுதுகொண்டு ஏற ஏலாது.

காடு முடியிற விளிம்பில நிண்டு பாத்தால், சாய்வு முழுக்கக் கழண்டு வந்து கீழ குமிஞ்சு கிடக்கு. மேல வெட்டின மாதிரி ஒரு கோடு. அந்தக் குமியலுக்குப் பக்கத்தில ஒருத்தன் ஜாக்கெட்டைக் கழட்டி ஆட்டிக்கொண்டு நிண்டான், சுதன். ஹெலிகொப்டர் எங்களுக்கு மேலால தாண்டி அவனிட்டப் போய் இறங்கிச்சு. பிறகு தான் கதை முழுக்கத் தெரியும். கஜனைப் பனி தலை மறைய மூடிப் போட்டுது. நெஞ்சில கட்டுற தேடல் கருவி, நான் பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தது, அதைக் கட்டியிருந்தான். சுதன் தன்ர கருவியால தேடிப் பிடிச்சு, மண்வெட்டியால தோண்டி எடுத்திருக்கிறான். கால் முறிஞ்சு நடக்க ஏலாது. போன் வேலை செய்யேல்லை. அவனைக் குளிரில தனிய விட்டிட்டு இறங்கச் சுதனுக்கு மனம் வரேல்லை. அப்பிடியே இருந்திருக்கினம், ஆரும் தேடி வருவினம் எண்டு. அம்மா போன் எடுக்காட்டி ஆர் தேடியிருப்பினம்? இருட்டினாப் பிறகு அந்தக் குளிரில அவன் விடியும் வரை இருந்திருக்க மாட்டான்.

நான் போய்ச் சேரேக்க மீட்புக்காரர் அவனைத் தூக்கிற படுக்கையில கட்டிக்கொண்டு நிண்டவை. உதடு நீலம். பல்லு அடிக்குது. ஏறேக்க சேத்து வைச்ச திட்டு முழுக்க வாய்க்குள்ள வந்து நிக்க, அவனுக்குப் பக்கத்தில முழங்காலில இருந்தன். அவன் என்ர கையைப் பிடிச்சு, இழுத்து இழுத்துச் சொன்னான்: "அக்கா, அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

பாக்க வந்தவை

ஆஸ்பத்திரியில அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில இருந்தா. அவன்ர காலுக்குள்ள கம்பி வைச்சிருந்தது. அம்மா முதல் நாள் முழுக்க அழுதா, ரெண்டாம் நாள் கதைக்கத் தொடங்கினா. எனக்கு அதுக்காகத் தான் காத்திருந்த மாதிரி வாய் திறந்திட்டுது. அம்மா, ஒரு சொல்லு, எங்க எண்டு ஒரே ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் தேடித் திரியாமல் நேர போய் எடுத்திருப்பம் எண்டன். "கேட்டிருந்தாலும் பொய் தான் சொல்லியிருப்பான்" எண்டா அம்மா. கஜன் மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பினான். பொய்யெண்டாலும் ஒரு இடத்தின்ர பேர் கையில இருந்திருக்கும், அங்க இல்லையெண்டாவது தெரிஞ்சிருக்கும் எண்டு நான் விடேல்லை. அம்மா தன்ர வளையலைச் சுத்திக்கொண்டு இருந்தா.

பாக்க வாறவை ரோல்ஸும் பழமும் கொண்டு வந்திச்சினம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம். ஒருத்தர் கண்ணூறு எண்டார். ஒருத்தர் சனி மாற்றம் எண்டார். பனியில கழண்ட படை எண்டு நான் சொன்னதை ஒருத்தரும் கணக்கில எடுக்கேல்லை, படிச்சது நான் தான் எண்டாலும். கடைசியா வந்த ஒரு மாமி கட்டிலைச் சுத்திப் பாத்து, காலில கட்டைத் தடவி, பெருமூச்சு விட்டு எல்லாருக்கும் கேக்கத் தீர்ப்புச் சொன்னா. நான் எழும்பி வெளியில போய், கோப்பி இயந்திரத்துக்கு முன்னால நிண்டு மூச்சு வாங்கினன். அவ சொன்னது இது தான்: "பெடியன் வெளிக்கிடேக்க ஆரோ எங்க போறாய் எண்டு கேட்டிருப்பினம், அது தான் போன காரியம் இப்பிடிப் போச்சு."

அம்மா வந்த நாள்

அடுத்த கார்த்திகை முதல் பனி விழுந்தவுடன அம்மா என்ர கடைக்கு வந்தா. இவ்வளவு வருசத்தில முதல் தரம். கஜன் திரும்ப ஸ்கியைத் துடைக்கத் தொடங்கீட்டான், அதால தனக்கு மலை எண்டால் என்னெண்டு பாக்கோணுமாம். ஒரு பிளாஸ்கில தேத்தண்ணியும் ஒரு பெட்டி ரோல்ஸுமாய் வந்து, கவுண்டருக்குப் பக்கத்தில ஒரு கதிரையைப் போட்டு இருந்தா. ஊவேலி ரோல்ஸைக் கண்ட நேரத்தில இருந்து அம்மாவைச் சுத்திச் சுத்தி மெழுகு பூசிக்கொண்டிருந்தார். நான் வழமை போல வந்தவையிட்டக் கேட்டுக்கொண்டு நிண்டன். எங்க, எந்தச் சாய்வு, எத்தினை மணி. வழமை போல முகத்தைச் சுழிச்சுக்கொண்டு போச்சினம். அம்மா பாத்துக்கொண்டே இருந்தா. முதல் தரமா என்ர வேலை அவவுக்கு விளங்குது எண்டு எனக்குத் தெரிஞ்சுது.

அப்ப ஹைன்ஸ் வந்தார். அதே சிவப்புத் தொப்பி. நான் கேட்டன். அவர் கையை மேல காட்டி "அங்க" எண்டார். கதவடிக்குப் போயிட்டார். அம்மா எழும்பினா. கதவுக்கும் அவருக்கும் நடுவில போய் நிண்டா. மனுசனின்ர நெஞ்சுக்குத் தான் வருவா. சலவைப் பகுதியில பழகின டொச்சில "வோஹின்?", எங்க போறீர் எண்டு கேட்டா. ஆளுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. என்னைப் பாத்தார். இது என்ர அம்மா எண்டன். எங்கட ஊர் வழக்கத்தில வெளிக்கிடுற ஆளிட்ட எங்க எண்டு கேக்கப்படாது, கேட்டால் போற காரியம் கெட்டுப்போகும், அம்மா தன்ர சீவியத்தில ஒருத்தரிட்டயும் கேக்காத ஆள் எண்டும் சொன்னன். போன வருசம் தம்பிக்கு என்ன நடந்தது எண்டும் சுருக்கமாச் சொன்னன். அவர் தொப்பியைக் கழட்டினார்.

"அப்ப இப்ப ஏன் கேக்கிறா? என்ர காரியம் கெட்டால் பரவாயில்லையோ?" எண்டு என்னட்டக் கேட்டார். நான் அம்மாவுக்குச் சொன்னன். எனக்கும் அதுக்குப் பதில் தெரியோணும் போல இருந்தது. அம்மா அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் எனக்குச் சொன்னா: "போற காரியம் கெட்டாலும் கெடட்டும், போன ஆள் எங்க எண்டு தெரியோணும் எண்டு சொல்லு."

அண்டைக்கு ஹைன்ஸ் இடம், சாய்வு, திரும்பிற நேரம் எல்லாம் ஒண்டும் விடாமல் சொல்லிப்போட்டுத் தான் போனார், ஆனா அதுக்கெண்டே படிச்சு அதுக்கெண்டே சம்பளம் வாங்கிற என்னட்ட இல்லை, வடக்குச் சாய்வையும் தெற்குச் சாய்வையும் பிரிக்கத் தெரியாத என்ர அம்மாவிட்ட, அவவுக்குப் பாதி விளங்காத சுவிஸ் டொச்சில.